வரையாடு கீழே இறங்காத காரணம்

மிருகங்களுக்கும் பேச்சிருந்த அந்தக் காலத்தில் வெயில் இத்தனை கொடியதாக இல்லை. பனியாத்தா வடக்கே பெருமலைகள் முழுவதும் உறைந்து படுத்திருந்தாள். அவள் மூச்சுக்காற்று தெற்கே நம் மலைகள் வரைக்கும் சில்லென்று வரும். இடையில் கிடந்த சமவெளியெல்லாம் குளிர்ந்த புல்வெளி. வரையாடுகள் மேய்ந்துகொண்டே எங்கே வேண்டுமானாலும் போய்வரும்.

அந்தக் கூட்டத்தில் சாம்பி என்றொரு பெண் ஆடு இருந்தது. அதற்கு ஒரே அக்காள், கூரி. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று மேய்ந்ததே இல்லை.

ஒரு வருஷம் வெயில் ஏறியது. அப்புறம் தணியவே இல்லை. பெருமலைப் பனி உருகி ஆறுகள் கரைமீறின. தெற்கே புல் கருகியது. பனியாத்தாவின் குரல் காற்றில் வந்தது.

"பிள்ளைகளா, நான் சுருங்கிக்கொண்டே போகிறேன். அவ்வளவு தூரம் இனி என் மூச்சு வராது. வருகிறவர்கள் என் பின்னாலேயே வந்துவிடுங்கள்."

கூட்டம் கிளம்பியது. சாம்பி அப்போதுதான் குட்டி போட்டிருந்தது.

"ஆத்தா, குட்டி காலூன்றட்டும். கொஞ்சம் நில்லேன்" என்று கெஞ்சியது.

"நின்றால் கரைந்துபோவேனடி."

கூரி தங்கையின் கழுத்தை நக்கிக்கொடுத்தது. "நீ மெதுவாக வா. கூட்டத்தை நான் வழியில் நிறுத்திவைக்கிறேன்."

"நிறுத்துவாயா, அக்கா?"

"நிறுத்துவேன்" என்ற கூரி, தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

நடக்கமுடியாத சில ஆடுகளும் ஒரு நொண்டிக் கிடாவும் சாம்பியோடு மலையில் தங்கின. குட்டி துள்ளத் தொடங்கியதும் சாம்பி புறப்பட்டது.

"கீழே பார்த்தாயா? ஒரு புல் இல்லை, முள்ளும் புழுதியும்தான்" என்றது கிடா. "போகாதே."

"என் அக்காள் காத்துக்கொண்டிருப்பாள்."

குட்டியைக் கூட்டிக்கொண்டு அது சமவெளியில் இறங்கியது. தரை கொதித்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. சாம்பிக்குப் பால் வற்றிவிட்டது.

"பெரியம்மா எங்கே?" என்று கேட்டது குட்டி.

"அதோ, பக்கத்தில்தான்" என்றது சாம்பி. அங்கே கானல்தான் ஓடியது.

குட்டி ஒரு முள்மரத்தடியில் படுத்தது. சாம்பி வெயிலுக்கு மறைப்பாக நின்றது. குட்டியின் மூச்சு நின்ற பிறகும் நகரவில்லை. அப்புறம் வடக்கே பார்த்தது. புழுதியில் ஒரு குளம்புத்தடமும் இல்லை. தனியாக மலையேறியது.

உச்சியில் மஞ்சு மேகம் வந்து பாறையைத் தொட்டது.

"வடக்கே போனாயா? என் அக்காளைப் பார்த்தாயா?" என்று கேட்டது சாம்பி.

"பனிமேல் தடம் பார்த்தேன். யாருடையதென்று தெரியாது. ஆத்தா மலைமுகட்டில் ஒதுங்கிவிட்டாள். அங்கேயும் உருகிக்கொண்டுதான் இருக்கிறாள்."

பிறகு பிறந்த குட்டிகளைச் சாம்பி பாறை விளிம்பைத் தாண்டவிடவில்லை. ஒன்று சரிவில் கால் வைத்தாலும் பதறிப்போய்ச் சீழ்க்கையடித்துக் கூப்பிட்டுவிடும்.

வரையாடு சமவெளிக்கு இறங்காததும், கீழே எது அசைந்தாலும் சீழ்க்கையடிப்பதும் அன்றிலிருந்துதான். வெயில் அடிவாரத்திலிருந்து இன்னமும் மேலே ஏறி வருகிறது. வரையாடு ஏறுவதற்கு உச்சிப்பாறைக்கு மேல் இடமில்லை.