தூங்காத மேனேஜர்

கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனி ஒன்றில் பொன்னுரங்கம் என்று ஒரு மேனேஜர் இருந்தார். யார் ஸ்லைடு போட்டுப் பேச எழுந்தாலும் கண்ணை மூடிவிடுவார். பேச்சு முடிந்ததும் விழித்துக்கொண்டு, "ரொம்ப இழுவை. நல்லாப் பேசியிருந்தா நான் ஏன் தூங்கறேன்?" என்பார். அதோடு அந்த ஆளின் ப்ரமோஷன் போச்சு.

புதிதாகச் சேர்ந்த தெய்வானையின் முறை வந்தது. வேண்டுமென்றே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் கொடுத்தார். அன்று கேன்டீனில் பிரியாணி வேறு.

"என்னைத் தூங்காம வெச்சீன்னா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்க."

அதைக் கேட்டுக்கொண்டே கம்பெனி முதலாளியம்மாவும் வந்து உட்கார்ந்தார். தெய்வானை முதல் ஸ்லைடைப் போட்டாள்.

"முதல்ல நான் பேசறனுங்க. அப்புறம் மேனேஜர் சார் எல்லாத்தையும் சுருக்கிச் சொல்லி, அம்மா கேக்கற கேள்விக்கும் பதில் சொல்வாருங்க."

முதலாளியம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார். பொன்னுரங்கம் கண்ணை இமைக்கவில்லை. பக்கத்து ஆளிடம் பேனா வாங்கிக் குறிப்பெடுத்தார். கடைசியில் எழுந்து தட்டுத்தடுமாறிச் சுருக்கமும் சொன்னார். உட்காரும்போது பழக்கதோஷத்தில், "ஆனா ரொம்ப இழுவை" என்றார்.

"அப்ப ஏனுங்க சார் நீங்க தூங்கலை?" என்றாள் தெய்வானை.

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தப் பொண்ணு வேலை நிரந்தரம். அடுத்த மீட்டிங்ல நீங்க பேசுங்க, பொன்னுரங்கம். நான் பிரியாணி சாப்பிட்டுட்டு வந்து உக்கார்றேன்."