ராசாவோட ‘ஆனா’வும் உப்பில்லாத கொழுக்கட்டையும்

மொச்சிக்காடு ஜமீன்ல ‘ஆனா’ங்கிற வார்த்தைக்குத் தடை போட்ட கூத்து தெரியுமா? தெரியாதா? அப்ப உக்காருங்க.

ஜமீன்தாரு முத்திருளப்ப ராசா ரொம்பத் தாராளம். யாரு என்ன கேட்டாலும் ‘தர்றேன்’ம்பாரு. அடுத்த மூச்சுலயே ‘ஆனா’ன்னு ஒரு வாலு முளைச்சிரும். “உனக்குப் பசுமாடு தர்றேன்யா. ஆனா கன்னு எனக்கு, பாலு எனக்கு. மாடு கெழடானதும் நீ ஓட்டிக்கிட்டுப் போ.” இப்பேர்ப்பட்ட கர்ணப் பிரபு!

அந்த அரமனையில ஒரு வழக்கம். ராசா உத்தரவு சொல்லி முடிச்சதும் முரசுக்காரன் ஒச்சு நகராவை ‘டம்’முன்னு அடிப்பான். அடிச்சாச்சுன்னா சொன்னது சொன்னதுதான். ராசாவே தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது. அவுக பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தான். அதனால ஒச்சு என்ன பண்ணுவான்? குச்சியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ‘ஆனா’ வாலு ஊர்ந்து முடியிற வரைக்கும் நிப்பான். கை மரத்துப் போகும் பாவம்.

அந்தச் சபையில ராசாவைச் சிரிக்க வைக்கிற உத்தியோகம் நம்ம சங்கிலிக்கு. அந்த வருசம் அவனுக்கே சிரிப்பு வரல. கண்மாய்க்குக் கீழ இருக்கிற அவன் வயலும், ஊரு வயலும் கதிரு தள்ளுற நேரத்துல காய்ஞ்சு கெடக்கு. கண்மாயில தண்ணி தளும்புது. ராசா மடையைத் திறக்கல. ஏன்னா, கலெக்டர் தொரை வந்தா படகு விட்டு விளையாடணுமாம். தொரை எப்ப வருவாரு? அது தொரைக்கே தெரியாது!

தொரைகூடப் பேசணுமேன்னு ராசா இங்கிலீஷ் படிக்கக் கிளம்பிட்டாரு. ஞானாபரணம் வாத்தியாரு வந்தாரு. கொளுத்துற வெயில்ல கம்பளிக் கோட்டு. வந்த அன்னைக்கே சங்கிலி கேட்டுட்டான், “வாத்தியாரய்யா, உள்ள என்ன, அவியலா வேகுது?” அன்னையில இருந்து ரெண்டு பேருக்கும் ஆகாது.

ஒரு நாள் பாடம்.

“மகாராசா, ‘ஹீ வாஸ் டயர்டு அண்ட் ஹீ ஸ்லெப்ட்.’ இது கூட்டு வாக்கியம். ‘அண்ட்’டைத் தூக்கிப் போடுங்க. ‘பீயிங் டயர்டு, ஹீ ஸ்லெப்ட்.’ இப்ப இது தனி வாக்கியம்!”

“அடேயப்பா! ‘பட்’டு வந்தா?”

“அதையும் தூக்கிப் போடலாம் மகாராசா.”

“எப்படிச் சொன்னாலும் அவன் தூங்கத்தானய்யா போறான்?”ன்னான் சங்கிலி.

வாத்தியாருக்குச் சுருக்குன்னுச்சு. “மகாராசா, இந்தச் சபையில வளவளன்னு பேசுறவங்க ஜாஸ்தி. தமிழ்லயும் இதையே சட்டமாக்கிட்டா என்ன?”

ராசாவுக்குப் புதுசா எதைக் குடுத்தாலும் வெறிதான். உடனே உத்தரவு. “சபையில யாரா இருந்தாலும் சின்ன சின்ன வாக்கியமாத்தான் பேசணும். ‘ஆனா’, ‘ஆனாலும்’, ‘அதுமட்டுமில்ல’ எதுவும் வரக்கூடாது. வந்தா, வாயில உப்பில்லாத கொழுக்கட்டை!”

டம்!

மறுநாளே சங்கிலி மாட்டிக்கிட்டான். “மகாராசா, பயிரு சாகுது, கண்மாயி நெறைஞ்சு கெடக்கு, ஆனா மடை மட்டும்...”

அவ்வளவுதான். சமையக்காரரு தட்டோட ஓடியாந்து ஒரு கொழுக்கட்டையைத் திணிச்சாரு. தேங்காப் பருமன். சபையே சிரிச்சுச்சு. வாத்தியாரு கோட்டுப் பொத்தான் தெறிக்கச் சிரிச்சாரு. சங்கிலி மென்னான். மெல்ல மெல்ல அவன் கண்ணு ஒச்சுவோட குச்சி மேல போயி நின்னுச்சு. முழுங்கி முடிக்கையில அவன் மொகத்துல சிரிப்பு வந்திருச்சு.

அடுத்த நாள் பூனை மாதிரி வந்து நின்னான்.

“மகாராசா. ஒச்சு பாவம்.”

“ஏன்டா?”

“கை வலிக்குதாம்.”

“அதுக்கு?”

“நீங்க சொல்ற வாக்கியத்துக்கு ஒரு டம். முடிஞ்சதும் அடிச்சிரட்டும்.”

வாத்தியாரு துள்ளிக் குதிச்சாரு. “ஆகா! புல் ஸ்டாப்புக்கு ஒரு அடி! சீமையில கூட இந்த ஏற்பாடு கெடையாது மகாராசா!”

சீமையில இல்லாதது மொச்சிக்காட்டுல இருக்குன்னா ராசா விடுவாரா?

“அப்படியே ஆகட்டும்!”

டம்!

சங்கிலி தொண்டையக் கனைச்சான். “மகாராசா. பயிரு காயுது.”

“தெரியும்.” டம்!

“ஊரே அழுகுது.”

“கேட்டேன்.” டம்!

“மடை?”

ராசா வழக்கம்போலத் தாராளமாக் கையை விரிச்சாரு. “அதுக்கென்னய்யா, இன்னைக்கே திறந்து விடுறேன்.”

டம்!

“ஆனா...”

ஒச்சு குச்சியை இடுப்புல சொருகிட்டான். சமையக்காரரு தட்டோட பம்மிப் பம்மி வந்து ராசா முன்னாடி நின்னாரு. தட்டுல கொழுக்கட்டை.

“என்னடா இது?”ன்னு உறுமுனாரு ராசா.

“சட்டம், மகாராசா,”ன்னான் சங்கிலி. “யாரா இருந்தாலும்னு சொன்னீக. டம்முன்னு அடிச்சாச்சு.”

“வாத்தியாரே! இதுக்கு ஒரு வழி சொல்லும்!”

வாத்தியாரு பதறிப்போயி எந்திரிச்சாரு. “மகாராசா, சட்டம் சட்டம்தான், ஆனாலும் உங்களுக்கு மட்டும்...”

சமையக்காரருக்கு உசுரு திரும்பி வந்துச்சு. ராசா பக்கம் நீட்டுன கொழுக்கட்டையை அப்படியே திருப்பி வாத்தியாரு வாயில அடைச்சாரு. கோட்டுக்குள்ள வேர்க்க, வாயி பலூனாட்டம் ஊத, அவரு முழிச்ச முழியைப் பாத்து ராசாவுக்குக் கோவமெல்லாம் பறந்துருச்சு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

வெளிய ஆளுக மடையைத் திறக்க ஓடுற சத்தம் கேட்டுச்சு.

“ஏலே சங்கிலி! கெட்டிக்காரப் பயடா நீ! என் பட்டுச் சால்வையை உனக்கே தர்றேன்!”

டம்!

ராசா வாயத் தொறந்தாரு. தட்டுல மிச்சமிருந்த கொழுக்கட்டையைப் பாத்தாரு. மூடிக்கிட்டாரு.

சங்கிலி சால்வையை இழுத்துப் போத்திக்கிட்டுக் கும்பிட்டான்.

“மகாராசா, பாடம் முடிஞ்சது. வாத்தியாரை ஊருக்கு அனுப்பிரலாம்.”