ஒரு சாண் நாடும் ஒரு பெரிய கையும்

நண்டு கேட்டால் மீன் பதில் சொன்ன அந்தக் காலத்தில், ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் ஒரு சேற்றுத் திட்டு இருந்தது. தினமும் ஏறும் தண்ணீரில் அதன் ஓரம் மட்டும் நனையும், அமாவாசை, பௌர்ணமி வெள்ளத்தில் திட்டே மறையும். அதில் ஆயிரம் சின்ன நண்டுகள் வளை தோண்டிக் குடியிருந்தன. அப்போது அவற்றுக்கு இரண்டு கையும் ஒரே அளவு, ஒரு நெல்மணி நீளம். நம்ப மாட்டேன் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அங்கே கருங்காலன் என்று ஒரு பெரிய சேற்று நண்டு. தானே வளை தோண்டுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். அடுத்தவன் தோண்டி முடித்ததும் வாசலில் வந்து நிற்பான். "நல்லா இருக்குடா. வெளியே வா" என்பான். அவ்வளவுதான், உள்ளே இருந்தவன் ஓடிவிடுவான். கருங்காலன் வளையை இடித்துப் பெரிதாக்கி இரண்டு நாள் படுத்திருப்பான், அலுத்ததும் அடுத்த வளை.

சிட்டாண்டி என்ற சின்ன நண்டை அவன் இப்படி மூன்று முறை விரட்டியாயிற்று. நாலாவது வளையில் சிட்டாண்டியின் மனைவி வெள்ளச்சி வயிற்றோடு முட்டைகளை அணைத்துக்கொண்டு கிடந்தாள். அமாவாசை வெள்ளம் வரும்வரை அவள் ஈர வளையைவிட்டு அசையக்கூடாது. வெளியே வந்தால் வெயிலில் முட்டை அத்தனையும் கருகிவிடும். அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"இன்னொரு தடவை வீடு மாற என்னால ஆகாதுய்யா. சொல்லிப்புட்டேன்" என்றாள் வெள்ளச்சி.

"மாற வேணாம். இனிமே இது வளை இல்ல, நாடு" என்றான் சிட்டாண்டி.

"என்னது?"

"நாடு. நான் ராசா, நீ ராணி. வளைக்குள்ள நுழைஞ்சா அது வம்பு. நாட்டுக்குள்ள நுழைஞ்சா அது படையெடுப்பு. ரெண்டும் ஒண்ணாகுமா?"

"ராசாவாம் ராசா! காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல உனக்கு. முதல்ல சாப்பிடுய்யா."

சிட்டாண்டி சாப்பிடவில்லை. சேற்றை உருண்டை உருண்டையாக உருட்டி, வளையைச் சுற்றி ஒரு சாண் தூரத்தில் வட்டமாக வைத்தான். அதுதான் எல்லை. சட்டமும் ஒன்று போட்டான்: நண்டைக் கண்டு நண்டு ஓடக்கூடாது. கொக்கு வந்தால் ஓடலாம், அது வேறு விஷயம், ராசாவாக இருந்தாலும் உயிர் முக்கியம்.

சேற்றில் தத்தித் திரியும் உளுவை மீன் இதைப் பார்த்தது. தண்ணீரிலும் இருப்பேன் தரையிலும் இருப்பேன் என்ற மிதப்பு அதற்கு. "அடேய், நீயே சொல்லிக்கிட்டா நாடாயிடுமா? இன்னொரு நாடு ஒத்துக்கணும். அதுவரைக்கும் இது வெறும் பொந்துதான்" என்றது.

சிட்டாண்டி யோசித்தான். உளுவை சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. நேரே பக்கத்து வளை மூக்கனிடம் போனான்.

"மூக்கா, உன் வளையும் ஒரு நாடுன்னு நான் ஒத்துக்கறேன். நீ என்னுதை ஒத்துக்க. ஒரு கையத் தூக்கிக் காட்டினாப் போதும்."

"எனக்கெதுக்குடா நாடும் கீடும்? கருங்காலன் வந்தா ஓடிருவேன். நிம்மதியா இருக்கேன். போடா வேலையப் பாத்துக்கிட்டு."

அத்தனை வளையிலும் இதே பதில்தான். சிட்டாண்டி அசரவில்லை. தன் எல்லையில் நின்றுகொண்டு, அக்கம்பக்கத்து நாடுகளை எல்லாம் ஒத்துக்கொண்டதாக ஒரு கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினான். தினமும் ஆட்டினான். அந்தக் கையால் தின்னவில்லை, தோண்டவில்லை. தின்பதெல்லாம் இன்னொரு கையால். ஒத்தாசைக்கு வெள்ளச்சியைக் கூப்பிட்டதற்கு, "ரெண்டு கையாலயும் தின்னாத்தான் இத்தனை முட்டைக்கும் காணும். கொடியை நீயே ஆட்டிக்க" என்று சொல்லிவிட்டாள்.

ஆட்டிய கை பெருக்கத் தொடங்கியது. உத்தியோகம் கிடைத்தால் யாருக்குத்தான் உடம்பு வைக்காது? ஒன்பதாம் நாள் அது அவன் உடம்பளவு ஆகிவிட்டது.

அன்று உச்சிவெயிலில் கருங்காலன் வந்தான்.

"நல்லா இருக்குடா. வெளியே வா."

"வெளியேதான் நிக்கிறேன். இது நாடு. எல்லைக்கு அந்தப் பக்கம் நின்னு பேசு."

கருங்காலன் சிரித்தபடி எல்லை உருண்டைகளை மிதித்துக்கொண்டு வந்தான். சிட்டாண்டி ஓடவில்லை. வளை வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டு, பெரிய கையைத் தூக்கியபடியே நின்றான். கருங்காலன் அவன் கால் ஒன்றைப் பிடித்து முறித்தான்.

உள்ளே இருந்து வெள்ளச்சி கதறினாள். "ஓடிருய்யா! நீ இருந்தாப் போதும், முட்டை போனாப் போகுது!"

"போகாதுடி! ஒண்ணுகூடப் போகாது!"

கருங்காலன் இரண்டாவது காலைப் பிடித்தான். தூக்கிய கை இறங்கவில்லை.

பக்கத்தில் மூக்கன் ஓடத் தயாராக நின்றிருந்தான். அவனுக்கு என்ன ஆயிற்றோ, சட்டென்று ஒரு கையைத் தூக்கினான். "அது நாடுதான்! நான் ஒத்துக்கறேன்!" என்று கத்தினான். கத்திய சூட்டிலேயே, "என்னுதும் நாடு!" என்றான். அடுத்த வளையில் ஒரு கை எழும்பியது, அதற்கடுத்த வளையில் இன்னொன்று. திட்டு முழுக்க வாசலுக்கு வாசல் ஒரு நண்டு, தூக்கிய கையோடு.

கருங்காலன் சுற்றிப் பார்த்தான். அவன் பலமெல்லாம் மற்றவர்கள் ஓடுவதில் இருந்தது. ஒருவன்கூட ஓடாத திட்டில் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பிடித்த காலை விட்டுவிட்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அலையாத்தி மரத்து வேர்களுக்குள் போய் ஒளிந்துகொண்டான். இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

மறுநாள் அமாவாசை வெள்ளத்தில் வெள்ளச்சி ஒரு முட்டைகூடக் கருகாமல் குஞ்சுகளைக் கடலில் விட்டாள். தண்ணீர் வடிந்தபோது திட்டில் எல்லை உருண்டை ஒன்றுகூட மிச்சமில்லை. "உன் நாட்டைக் கடல் நக்கிட்டுப் போயிருச்சே!" என்று உளுவை கேலி செய்தது.

"கடல் வந்தா வாசலைச் சேத்தால சாத்திக்குவோம். போனா மறுபடி ஆரம்பிப்போம்" என்று சொல்லி, சிட்டாண்டி முதல் உருண்டையை உருட்டினான்.

ஆண் நண்டுக்கு ஒரு கை பெருத்ததும், பெண் நண்டுக்கு இரண்டு கையும் சின்னதாகவே நின்றதும் அன்று முதல்தான். தண்ணீர் வடியும் நேரத்தில் கழிமுகத்துப் பக்கம் போனால், ஆயிரம் கைகள் தூக்கித் தூக்கி ஆட்டுவதைப் பார்ப்பீர்கள். நம்மைக் கூப்பிடுகின்றன என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஆயிரம் நாடுகள், ஒன்றை ஒன்று ஒத்துக்கொண்டிருக்கின்றன.