பன்னிரண்டாவது பேக்கேஜ்

“மேடம், ஆள் சிக்கிட்டான்” என்றார் ஞானதுரை.

நகராட்சிக் குடிநீர் நிலையத்தின் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அவர். வயது ஐம்பத்து நாலு. அவருக்கு அதன் நுணுக்கங்களைக் கற்றுக்கொடுக்கும் சுபைதாவுக்கு முப்பது. வயதை இருவருமே பொருட்படுத்துவதில்லை.

மேலிடத்து உத்தரவு இதுதான். லினக்ஸோடு வராமல் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் மென்பொருள் பேக்கேஜ்களை வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். யார் ஏற்றியது என்றும் படிவத்தில் எழுத வேண்டும். ஏற்றியவர் ஒப்பந்தத் தொழிலாளி என்றால் அன்றோடு வேலை போச்சு.

“எப்படிப் பிடிச்சீங்க?”

“ஆயிரத்து அறுநூறு பேக்கேஜ் மேடம். பேரைப் பாத்தா எல்லாமே நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிதான் இருக்கு. நீங்க சொன்னபடி ஒவ்வொண்ணையும், உன்னைத் தந்தது யாருன்னு கேட்டேன். பன்னெண்டு வெளியாள். பதினொண்ணு கம்பெனி பேரைச் சொல்லிடுச்சு. பன்னெண்டாவது வாயே திறக்கல.”

“அது என்ன வேலை செய்யுது?”

“மேல்தொட்டி நிறைஞ்சதும் மோட்டாரை நிறுத்துது.”

“நல்ல வேலைதான்.”

“இருக்கட்டுமே. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? அது ஏறின தேதி கிடைச்சுது. ஆறு வருஷம் முன்னால, நவம்பர் ஒன்பது. அன்னைக்கு டூட்டி இசக்கி. ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு.”

இசக்கி ஒப்பந்தத் தொழிலாளி. மூன்றாவது குழந்தை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

ஞானதுரை புகாரை எழுதி உறையில் போட்டே கொண்டுவந்திருந்தார். இந்த மாதிரி வேலையில் மட்டும் மனிதருக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு.

“இசக்கியைக் கேட்டீங்களா?”

“கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அது போதாதா?”

“பேக்கேஜைக் கேட்டீங்களா?”

“அதான் கேட்டேனே மேடம்.”

“தந்தது யாருன்னு கேட்டீங்க. ஏறினது என்னைக்குன்னு கேட்டீங்க. அது சொல்றதை முழுசாக் கேட்டீங்களா சார்?”

“வேற என்ன சொல்லும்?”

சுபைதா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஞானதுரை தட்டினார். முழு விவரமும் திரையில் வந்தது. பெயர், பதிப்பு, தேதி. தந்தவர் யார் என்ற வரியே இல்லை. நடுவில், அவர் எப்போதும் தாண்டிப் போகும் ஒரு வரி இருந்தது. எந்தக் கணினியில் கட்டப்பட்டது என்று சொல்லும் வரி.

அதில் ஆங்கில எழுத்தில் ‘பதநீர்’ என்றிருந்தது.

தன் மடிக்கணினிக்குப் பதநீர் என்று பெயர் வைத்த ஆள் அந்த நகராட்சியில் ஒருவர்தான்.

ஞானதுரைக்கு முகம் சுட்டது. மழை கொட்டிய அந்த நாள் நினைவு வந்தது. தொட்டி வழிந்து மோட்டார் அறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்து அவசர அவசரமாக இந்த பேக்கேஜைக் கட்டிப் பென்டிரைவில் போட்டார். முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து அதை வாங்கிப் போனவன் இசக்கி.

“நான் கட்டினது மேடம்” என்றார். குரல் இறங்கிவிட்டது. “நான்தான் அவன்கிட்ட கொடுத்தேன். சுத்தமா மறந்தே போச்சு.”

சுபைதா தலையசைத்தார்.

“ஆனா கேட்டப்ப அவன் ஏன் வாயே திறக்கல?”

“கொடுக்கும்போது அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

ஞானதுரை உறையைக் கையில் எடுத்தார்.

“ ‘போய் ஏத்துடா, என்ன வந்தாலும் நான் பாத்துக்கிடுறேன்’னு சொன்னேன்.”

சொல்லி முடித்ததும் உறையை இரண்டாகக் கிழித்தார். படிவத்தை இழுத்து, பன்னிரண்டாவது வரியில், ஏற்றியவர் என்ற இடத்தில், தன் பெயரை எழுதினார்.