தலைமையாசிரியர் வைத்த தட்டு

“அந்தத் தாத்தா வந்தா பனிகூட எழுந்து கைகட்டி நிக்கும்டி.”

வேலிக்கு அப்பால் ஒரு சிறுமி இன்னொருத்தியிடம் சொன்னது. வேலிக்கு இப்பால் முகம் கழுவிக்கொண்டிருந்த வைத்திலிங்கத்தின் காதில் விழுந்தது. முதலில் பெருமையாக இருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்த பிறகு அவ்வளவு பெருமையாக இல்லை.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊட்டிக்கு மேலே இருந்த ஒரு சின்ன ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்திருந்தார். குரு மங்கையம்மா அவரைவிட மிகவும் இளையவர். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். குரு சீடரை ‘சார்’ என்பார்.

அங்கே மௌன விரதத்தை வருடத்தில் ஒரே நாளில்தான் தொடங்க முடியும். மார்கழித் திருவாதிரையன்று, விடியற்காலை மணி அடித்ததும். அன்று பொழுது சாய்வதற்குள் வாயைத் திறந்துவிட்டால் அடுத்த திருவாதிரைவரை காத்திருக்க வேண்டும். போன வருடம் வைத்திலிங்கம் தொடங்கினார். சமையல்காரர் களிக்கு வெல்லம் அளந்துகொண்டிருந்தபோது “கணக்கு தப்பு” என்று சொல்லிவிட்டார். கணக்கு தப்புதான். விரதம் போனது போனதுதான்.

இந்த வருடம் விடக்கூடாது என்று இருந்தார். நேராகக் குருவிடம் போனார்.

“அம்மா, இந்தப் பிள்ளைங்களை வர வேண்டாம்னு சொல்லிடலாமா? அரையாண்டு லீவு விட்டதிலிருந்து விடியறதுக்குள்ள வந்து புல்வெளியில கத்தறாங்க. மனசு ஒரு இடத்தில நிக்கமாட்டேங்குது.”

“எதுக்குக் கத்தறாங்க?”

“ஐஸுக்கு. சாயங்காலம் தட்டுல தண்ணி வச்சுட்டுப் போறாங்க. காலையில உறைஞ்சிருக்கு. அதுக்குத்தான்.”

“நேத்தும் உறைஞ்சுதா?”

“உறைஞ்சுது.”

“நேத்தும் கத்தினாங்களா?”

“என்னமோ உலகத்திலேயே முதல் தடவை மாதிரி.”

குரு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “எனக்கு அதுல ஒண்ணு வேணும் சார்.”

“ஃப்ரிட்ஜுல வச்சு எடுத்துட்டு வரேன்.”

“புல்வெளியில வச்சது.”

வைத்திலிங்கம் பிள்ளைகளிடம் போனார். பிள்ளைகள் நேராக நின்றார்கள். அவர்களில் மூத்தவள் ஷீபா. தேயிலைத் தோட்டத்து லாரி டிரைவரின் மகள்.

“அம்மாவுக்கு ஒரு ஐஸ் வேணுமாம். ஒண்ணு குடுங்க.”

“அவங்கவங்க தட்டை அவங்கவங்கதான் வைக்கணும் தாத்தா. உள்ளே எதையாவது போடணும். அதான் ரூல்.”

ரூல் என்றதும் அவருக்கு அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அன்று மாலை ஆசிரமத்துச் சாம்பார் அண்டாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார்.

ஷீபா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். “இது உறையறதுக்குள்ள ஸ்கூல் தொறந்துரும் தாத்தா.”

மறுநாள் காலையில் அண்டா அப்படியே இருந்தது. மற்றவர்களின் தட்டுகள் உறைந்திருந்தன. சும்மா நிற்கப் பிடிக்காமல் வைத்திலிங்கம் ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் போட ஆரம்பித்தார்.

“ஓரம் உடைஞ்சிருக்கு. ஆறு. இது பரவாயில்லை, ஏழரை. இதுல ஏன் கோழி இறகு?”

“தாத்தா, லீவு!” என்றாள் ஷீபா.

அவளுடைய தம்பி ஜீவன் தன் ஐஸை இரண்டு கையாலும் நீட்டினான். “என்னோடதுக்கு எத்தனை?”

உள்ளே ஒரு பால்பல் இருந்தது.

“விழுந்துருச்சு. அதான் போட்டேன். இப்படி வெயிலுக்கு நேரே பிடிச்சுப் பாருங்க.”

வைத்திலிங்கம் பிடித்துப் பார்த்தார். எதிர் மலை வளைந்து, நெளிந்து, இரண்டாகி, பிறகு ஒன்றாகியது. அதன் நடுவில் ஒரு பல் சூரியனைவிடப் பளபளத்தது.

“எத்தனை தாத்தா?”

அவர் ஐஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் முழங்கை வழியாக ஸ்வெட்டருக்குள் இறங்கியது. கடைசியில் பல் மட்டும் அவர் உள்ளங்கையில் மிஞ்சியது.

“மறுபடியும் வைப்பியாடா?” என்று கேட்டார்.

“நீங்களும் வைங்க. உங்க பல்லு விழலையா?”

“எப்பவோ விழுந்துருச்சு. எல்லாமே.”

“அப்ப வாயில இருக்கறது?”

அன்று மாலை வைத்திலிங்கம் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். தண்ணீர் ஊற்றினார். திரும்பி நின்று பல்செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் குரு ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

அன்றே மேகம் கவிந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் பனி விழவே இல்லை. காலையில் அவர் தட்டைப் பார்ப்பார். குளிர்ந்த தண்ணீரிலிருந்து பல்லை எடுத்து மாட்டி, உடம்பு ஒருமுறை சிலிர்த்து, திரும்பி நடப்பார்.

“நாளைக்கு விழும் தாத்தா” என்று ஜீவன் கூடவே வருவான்.

“மேகம் கலையணும்டா.”

“கலையும்.”

திருவாதிரைக்கு முந்தின நாள் மாலையிலும் வைத்தார். இரவு வானம் தெளிந்ததை அவர் பார்க்கவில்லை. விரதத்துக்காகச் சீக்கிரம் படுத்துவிட்டார்.

விடியற்காலையில் மணி அடித்தது. குருவுக்கு எதிரே சம்மணமிட்டு, கண்ணை மூடி, உதட்டை இறுக்கி உட்கார்ந்தார். மனம் ஒரு இடத்தில் நின்றது. இந்த வருடம் நடந்துவிடும் என்று அவருக்கே தோன்றியது.

வெளியே பல கால்கள் ஓடி வந்தன.

“தாத்தா! உறைஞ்சிருச்சு! உங்க பல்லு ஐஸுக்குள்ள சிரிக்குது தாத்தா!”

வைத்திலிங்கம் கண்ணைத் திறந்தார். குருவைப் பார்த்தார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் வாசலைக் காட்டினார். பிறகு மணியைக் காட்டினார். பிறகு மறுபடியும் வாசலை.

குரு கண்ணைத் திறக்கவில்லை.

“வெயில் வந்துரும் சார்” என்றார்.

வைத்திலிங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “யாரும் தொடாதீங்கடா, வந்துட்டேன்!” என்று பொக்கை வாயால் கத்தியபடி புல்வெளியை நோக்கி ஓடினார்.