ஆமைக்குளமும் ஓணான்குளமும் கைகோத்த கதை

எங்கள் ஆமைக்குளத்துக்காரர்களுக்கு அறிவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. செலவழித்தால் தீர்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதில் நிறையச் சேர்த்து வைத்திருந்தவர் தலைமையாசிரியர் மாசிலாமணி.

பிள்ளைகள் குறைந்துபோனதால் அவருடைய பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கல்வி அதிகாரி வந்தார். பிள்ளைகளை உலகக் குடிமக்களாக வளர்க்க வேண்டும், அதற்கு அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து பாடம் நடத்த வேண்டும், ஒழுங்காக நடத்தினால் பள்ளிக்கூடம் பிழைக்கும் என்றார்.

"ஓணான்குளத்துப் பள்ளியோட கைகோத்து வேலை செய்யுங்க. நடுவுல எல்லையே இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். நான் சொல்ற வரைக்கும் கையை விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஓணான்குளத்துத் தலைமையாசிரியர் கனகசபை சேதி கேட்டு அன்றே ஓடி வந்தார். அவரும் எங்களைப் போலச் சேமிப்புக்காரர்தான். மாசிலாமணியின் வலது கையைத் தன் இடது கையால் இறுகப் பற்றிக்கொண்டார். கரும்பலகையில் எழுதுவது கனகசபை, அழிப்பது மாசிலாமணி என்று ஆயிற்று. மத்தியானம் கனகசபைதான் இருவருக்கும் பிசைந்து, மாசிலாமணிக்கு ஊட்டியும் விட்டார். பெற்ற தாய்க்குப் பிறகு தனக்கு யாரும் ஊட்டியதில்லை என்று மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரியும் வீட்டுக்குப் போகாமல் பள்ளித் திண்ணையிலேயே சேர்ந்து படுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது எல்லை. இரண்டு ஊர்க்காரர்களும் கூடி எல்லைக்கல்லைத் தோண்டி எடுத்தார்கள். எங்கே வைப்பது?

"எங்க வச்சாலும் எல்லை அங்க வந்துருமே, அண்ணாச்சி" என்றார் கனகசபை.

மாசிலாமணி வெகுநேரம் யோசித்தார். "அப்ப, கீழயே வைக்கப்பிடாது."

ஆளுக்கு ஒரு கைதான் மிச்சம். அந்த இரண்டு கையாலும் கல்லைச் சுமந்தபடியே பாடம் நடத்தினார்கள். கரும்பலகைக்கு ஓய்வு கிடைத்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். வேர்த்து விறுவிறுத்து நின்ற இருவரையும் கிட்டே வந்து பார்த்தார். "முதல்ல அந்தக் கல்லைக் கீழ போடுங்கய்யா" என்று அதட்டினார்.

மேலிடத்து உத்தரவு. போட்டார்கள். கீழே அவர் கால் இருந்தது.

உடனே கல்லை எடுத்திருக்கலாம். ஆனால் எல்லை இப்போது அவர் பாதத்தில் அல்லவா விழுந்திருக்கிறது? கட்டைவிரல் ஆமைக்குளத்துக்கு, மீதி ஓணான்குளத்துக்கு என்று பேசி முடித்து, இரண்டு ஊரும் தனித்தனியாக எண்ணெய் கொண்டுவந்த பிறகுதான் கல்லை எடுத்தார்கள். அதிகாரி நொண்டிக்கொண்டே ஜீப்பில் ஏறி, செத்தாலும் இந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசிலாமணி இடது கையால் தலையில் அடித்துக்கொண்டார். போச்சு, பள்ளிக்கூடம் போச்சு.

"எப்படிப் போகும், அண்ணாச்சி?" என்றார் கனகசபை. "மூடணும்னா அவர்தான வந்து பூட்டணும்?"

ஊரே ஆர்ப்பரித்தது. மாசிலாமணியின் இடது கையும் கனகசபையின் வலது கையும் சேர்ந்து தட்டின. சந்தோஷத்தோடு வீட்டுக்குக் கிளம்பிய மாசிலாமணி, தன் வலது கையை மெல்ல இழுத்துப் பார்த்தார். கனகசபை விடவில்லை.

"அவர் சொல்லாம எப்படி விடுறது, அண்ணாச்சி?"

"வந்து சொல்லுவாருல்லா?"

"அவர்தான் வர மாட்டாரே."

மாசிலாமணி கனகசபையையும் இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். போகிற வழியில் சொன்னார்: "எங்க வீட்ல இன்னைக்குப் புளிக்குழம்பு. கொஞ்சம் சின்ன உருண்டையா ஊட்டும்."