நாக்கு மரத்த கொம்பையார்

பொத்தைமலைச் சரிவில் முள் வெட்டி விற்றுப் பிழைத்தவர் கொம்பையார். முள்ளுக்கு நடுவே கிடக்கும் மருந்துச் செடிகளையும் பறித்துக் கேட்டவர்க்குக் கொடுப்பார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. திருநீறுகூட அதில் சரியாக ஒட்டாது. மலைமேல் நிற்கும் முருகனைக் கும்பிடாமல் அரிவாளைத் தொடமாட்டார். "முருகா" என்று தம் நாவில் வைத்துப் பார்க்காத இலையைப் பிறருக்குத் தரவும் மாட்டார்.

"ஆடு மோந்து பாத்து வெலகுத எலைய இந்த ஆளு திங்காருவே" என்று விறகுக்காரர்கள் சிரிப்பார்கள்.

"ஆட்டுக்கு என்னவே, அது யாருக்கும் குடுக்கப்போறதில்லயே" என்பார் அவர்.

ஒரு கோடையில் அவர் மகள் மாடத்திக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தது. தாடை வீங்கிக் கஞ்சி இறங்கவில்லை. தாய்ப்பால் வற்றியது, கைப்பிள்ளை கதறியது. பல் பிடுங்க வந்த நாவிதர், "பல்ல மரக்கவைக்கிற பூண்டுச்செடி கொண்டாரும். அது இல்லாம நான் கைய வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

கொம்பையார் ஓடினார். வெயிலில் பூவெல்லாம் உதிர்ந்திருந்தது. பூ இல்லாவிட்டால் பல்வலிப் பூண்டும், தொண்டையை அடைக்கிற நச்சுப் பூண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றைச் சுவைத்தால், நாக்கு தெளிந்த பிறகே அடுத்ததைச் சுவைப்பது அவர் வழக்கம். அன்று காதுக்குள் பிள்ளையின் அழுகை. இதில் ஒரு நுனி, அதில் ஒரு நுனி என்று அடுத்தடுத்து வைத்துத் துப்பிவிட்டார். நாக்கு மரக்கட்டையாயிற்று. மரக்கவைத்தது எது? மீண்டும் கடித்தார். ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு கையிலும் இரண்டு பூண்டோடு சன்னதிக்கு முன் போய் நின்றார். "எனக்கு ஒண்ணும் வெளங்கல சாமி. மாத்திக் குடுத்தா எம் மக செத்துப்போவா" என்று குழறினார்.

அப்போது ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்தார். "என்னவே முழிக்கீரு? இங்க தாரும்" என்று இரண்டையும் வாங்கி ஒவ்வொன்றாக மென்றார். இரண்டாவதைத் துப்பினார். கீழுதட்டில் கொப்புளம் எழும்பியது. "மொதல்ல தின்னது உம்ம மகளுக்கு. போம்."

நாவிதர் பிடுங்க, பல் வலியில்லாமல் வந்தது. மாடத்தி அன்றே கஞ்சி குடித்தாள். மறுநாள் பிள்ளைக்குப் பால் சுரந்தது.

கொம்பையார் புண்பட்ட உதட்டுக்குத் தடவ வெண்ணெய் வாங்கிக்கொண்டு அந்த ஆட்டுக்காரரைத் தேடி அலைந்தார். "இந்தக் கோடையில, புல்லே இல்லாத மலையில ஏதுவே ஆடு?" என்றார்கள் விறகுக்காரர்கள். ஒன்றும் புரியாமல் சன்னதிக்கு வந்தார். பூசாரி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "வே, சாமி உதட்டப் பாரும்."

கல்லுதட்டில் ஒரு கொப்புளம்.

ஊரே விழுந்து கும்பிட்டது. கொம்பையார் மட்டும் விழவில்லை. வெண்ணெயைப் பூசாரியிடம் நீட்டி, "மெதுவாத் தடவும், எரியும்" என்றார்.

நஞ்சை ருசி பார்த்த கடவுளுக்கும் வலிக்குமே என்று நினைத்த அந்த எளிய மனம் வாழ்க.